மரக்கட்டையில் ஓடிய லொறியும் மண்ணெண்ணெயில் ஓடிய லொறியும்

ஒஸ்லோவில் இப்போது மாலை ஆறு மணி. கனடாவில் இருப்பவர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருக்கிறீர்கள். அவுஸ்திரேலியாவில் இருப்பவர்கள் நித்திரையை விட்டுவிட்டு இருக்கிறீர்கள், உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

இலக்கிய உரைத்தொடரில் பழைய லொறிகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது ஒருங்கிணைப்பாளர் சிரித்துவிட்டார். சிரிப்பதில் பிழையில்லை. நான் மெக்கானிக் இல்லை, தாதி. யாழ்ப்பாணத்தில் தாதியர் டிப்ளோமா முடித்து, கலியாணம் கட்டி நோர்வேக்கு வந்து, இங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துவிட்டது அந்த இல்லத்தில் நடந்த ஒரு சின்னச் சம்பவம்தான்.

போன வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய வாகனங்களைத் திருத்திப் பேணும் ஆட்கள் சிலர், 1950களில் செய்யப்பட்ட ஒரு வொல்வோ லொறியை எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூக்கு நீண்ட, பச்சை நிற லொறி. அதைப் பார்க்க முதியவர்களைச் சக்கர நாற்காலிகளில் வெளியே கொண்டுவந்தோம். அவர்களில் ஒருவர் முந்தி லொறி ஓட்டியவர். அவருடைய பெயரும் ஊரும் என் தொழில் விதிப்படி என்னோடு இருக்கட்டும். மறதிநோய் முற்றியவர், மகளுடைய பெயரையே அடிக்கடி மறந்துவிடுவார். லொறி புறப்படும்போது ஓட்டுநர் கியர் மாற்றினார். என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவருடைய இடது கால் இரண்டு தடவை கீழே அமர்ந்து எழும்பியது, வலது கால் நடுவில் ஒருமுறை லேசாக மிதித்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் அந்த மிதியை நான் முன்னமே கண்டிருக்கிறேன். சாவகச்சேரிப் பக்கத்தில், என் தாய்மாமனுடைய லொறிக்குள்.

பழைய லொறிகளின் கியர்ப்பெட்டியில், பற்சக்கரங்களின் வேகத்தைத் தானாக ஒத்துவைக்கும் அமைப்பு இல்லை. ஆகவே கியரைக் குறைக்க வேண்டுமென்றால் கிளட்சை ஒருமுறை மிதித்து கியரை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கிளட்சை விட்டு எஞ்சினைக் கொஞ்சம் உறும வைத்து, மறுபடியும் கிளட்சை மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். நேரம் தப்பினால் பற்கள் அரைபடும். எந்த வேகத்தில் எவ்வளவு உறும வைப்பது என்பதைக் காதுதான் சொல்லும். பெயர்களையும் நாட்களையும் வைத்திருக்கும் நினைவு மறதிநோயில் முதலில் போய்விடும். கையும் காலும் பழகிய நினைவு அதற்குப் பிறகும் நெடுங்காலம் நிற்கும். அன்று நான் கண்டது அதைத்தான்.

அந்த லொறியைக் கொண்டுவந்தவர்களோடு கதைத்தேன். பிறகு அவர்களுடைய கொட்டிலுக்கும் சில தடவை போனேன். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். ஓட்டுநர், மின்தொழிலாளி, ஆசிரியர், விவசாயி என்று பல தொழில் பார்த்தவர்கள். குளிர்காலம் முழுக்க ஒரு வண்டியைக் கழற்றுவார்கள், வெயில் காலத்தில் ஓட்டுவார்கள். இங்கே 'டுக்னாட்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஊர் கூடிச் சம்பளமில்லாமல் ஒரு வேலையைச் செய்து முடிப்பது. நம்முடைய ஊர்களில் கோயில் கிணறு இறைக்கும்போதும் தேவாலயத்துக்கு வெள்ளை அடிக்கும்போதும் நடக்கிற அதே காரியம். இவர்கள் அதை இரும்பில் செய்கிறார்கள்.

காரைத் திருத்துவது வேறு, பார லொறியைத் திருத்துவது வேறு. எஞ்சின் மட்டுமே அரைத் தொன்னுக்கு மேல் நிறை வரும். ஆகவே சங்கிலிக் கப்பி வேண்டும், உயரமான கொட்டில் வேண்டும், தனியாளாக எதுவும் செய்ய முடியாது. பல வருடம் வயலில் கிடந்த எஞ்சினை உடனே சுற்றினால் உடைந்துவிடும். சிலிண்டர்களுக்குள் ஒயிலை ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, கையால் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பார்ப்பார்கள். றப்பர் குழாய்கள் இறுகிப் போயிருக்கும், அவற்றை மாற்றாமல் பிறேக்கை நம்பக்கூடாது. பழைய சக்கரங்கள் சிலவற்றில் ரயரைப் பிடித்துவைப்பது தனியான ஓர் இரும்பு வளையம். காற்று அடிக்கும்போது அது சரியாக அமராவிட்டால் பறந்து வந்து ஆளையே கொல்லும். அதனால் சக்கரத்தை இரும்புக் கூட்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிப்பார்கள். பழைய வண்டிகளில் ஓட்டுநர் அறையின் சட்டம் மரத்தாலானது, அதன் மேல் தகரம் போர்த்தியிருக்கும். ஆகவே மெக்கானிக்கோடு ஒரு தச்சரும் வேண்டும். இதைக் கேட்டபோது எனக்கு யாழ்ப்பாணத்து லொறிப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. அவற்றையும் தச்சர்கள்தான் செய்தார்கள்.

இது சும்மா பொழுதுபோக்காக மட்டும் நடக்கிற காரியமில்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 1966 இல் தொடங்கியது. குறைந்தது 30 வயதான, பழைய நிலையில் பேணப்படுகிற, அன்றாடப் போக்குவரத்துக்குப் பாவிக்காத வண்டியை அது வரலாற்று வாகனம் என்கிறது. நோர்வேயில் எல்.எம்.கே. என்ற நாடளாவிய கூட்டமைப்பின் கீழ் வாகனச் சங்கங்கள் இயங்குகின்றன. லில்லஹாமரில் வரலாற்று வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் வடக்கே ஹுண்டர்ஃபொசனில் வீதிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒஸ்லோவில் ஷெல்சோஸில் உள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாத தமிழ்ப் பெற்றோர் இங்கே குறைவு.

2024 இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள். அப்படிப்பட்ட நாட்டில் கரும்புகை கக்கும் லொறிக்கு ஏன் இவ்வளவு மினக்கெடுகிறார்கள்? இதை ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய ஒரு படத்தைக் காட்டினார். லொறியின் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் பெரிய தண்ணீர்ப் பீப்பா மாதிரி ஒன்று நின்றது. ஒருவர் ஏணியில் ஏறி, அதற்குள் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

1940 ஏப்ரல் 9 ஆம் தேதி ஜேர்மனி நோர்வேக்குள் புகுந்தது. 1945 மே 8 வரை நாடு ஆக்கிரமிப்பில் இருந்தது. வெளியிலிருந்து பெற்றோல் வரவில்லை, வந்ததையும் படை எடுத்துக்கொண்டது. பாலும் உருளைக்கிழங்கும் நோயாளிகளும் ஊர்விட்டு ஊர் போகத்தானே வேண்டும். அப்போது வந்ததுதான் மரவாயு. பிரெஞ்சு நாட்டு வேதியியலாளர் ஜோர்ஜ் எம்பேர் 1920களில் செம்மைப்படுத்திய முறை அது. விறகைச் சின்னச் சின்னக் கட்டைகளாக வெட்டிக் காயவைப்பார்கள். நோர்வேஜியர்கள் அந்தக் கட்டையை 'க்னொட்' என்றார்கள். அதைப் பீப்பாவுக்குள் போட்டு, போதிய காற்றுக் கொடாமல் எரிப்பார்கள். முழுதாக எரியாத விறகிலிருந்து காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயு வரும். அதைக் குளிராக்கி, வடிகட்டி, எஞ்சினுக்குக் கொடுத்தால் வண்டி ஓடும்.

ஓடும் என்று சொல்வது இலகு. ஒரு லீற்றர் பெற்றோல் செய்கிற வேலைக்கு ஏறக்குறைய இரண்டரை, மூன்று கிலோ விறகு வேண்டும். எஞ்சினின் பலத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடும். காலையில் தீ மூட்டிக் காத்திருக்க வேண்டும், வழியில் நிறுத்திக் கட்டை போட வேண்டும், வடிகட்டியில் சேர்ந்த கரியையும் தாரையும் சுரண்ட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து அந்த வாயுவேதான். காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நம்முடைய குருதியில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூடிய கொட்டிலுக்குள் வண்டியைத் திருத்தியவர்களுக்குத் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வந்தது. சிலர் எழும்பவேயில்லை. ஸ்கண்டிநேவிய வைத்தியர்கள் இதைத் தனி நோயாகவே பதிந்துவைத்தார்கள்.

மரவாயு நோர்வேக்கு மட்டும் உரியதில்லை. சுவீடனில் அந்தக் காலத்தில் 70,000 க்கு மேற்பட்ட வண்டிகள் அப்படி ஓடின. அதே போர்க்காலத்தில் சென்னை மாகாணத்தில் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. தமிழ்நாட்டில் மூத்தவர்கள் 'கரி பஸ்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

போர் முடிந்த பிறகும் நோர்வேயில் தட்டுப்பாடு தொடர்ந்தது. நாட்டைத் திரும்பக் கட்ட வெளிநாட்டுப் பணம் தேவைப்பட்டதால், தனியாள் கார் வாங்க அனுமதி வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடு 1960 ஒக்ரோபர் 1 ஆம் தேதிதான் நீங்கியது. அதுவரை படைகள் விட்டுப்போன லொறிகளையும் பழைய வண்டிகளையும் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 1969 இல் வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்த நோர்வேயைத்தான் நாங்கள் கண்டோம். பழைய லொறியைத் திருத்துகிற இந்தக் கிழவர்கள் அதற்கு முந்திய நோர்வேயின் பிள்ளைகள். தகப்பன் இல்லாமையால் செய்ததை மகன் விருப்பத்தோடு செய்கிறான். நான் விளங்கிக்கொண்டது அவ்வளவுதான்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும். ஏனென்றால் அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் அந்த ஏணியில் நின்றவரைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்தில் லொறி என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பெட்போர்ட். இங்கிலாந்தின் லூட்டன் நகரில் 1931 இல் தொடங்கிய பெயர். அதோடு லேலண்ட். சென்னை எண்ணூரில் 1948 இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, முதலில் ஓஸ்டின் ஏ 40 கார்களைப் பூட்டி, 1955 இல் அசோக் லேலண்ட் ஆன கம்பனியை எல்லோருக்கும் தெரியும். ஏ 40 யாழ்ப்பாணத்துக்கும் சொந்தக்கார வண்டிதான். கலியாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் வாடகைக்குப் போன கார் அது.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் கைத்திறன் போரோடு தொடங்கியதல்ல. 1970 தொடக்கம் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அந்தக் காலத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை வந்ததால் வடபகுதித் தோட்டக்காரர் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். அந்த மூட்டைகளைக் கண்டி வீதியால் தெற்கே கொண்டுபோக லொறி வேண்டும். லொறிக்கு உதிரிப்பாகம் வேண்டும். அது கப்பலில் வராது. அதனால் கடைசல் இயந்திரத்தில் கடைந்தார்கள், ஒட்டினார்கள், ஒரு வண்டியின் பாகத்தை இன்னொரு வண்டிக்குப் பொருத்தினார்கள். மாமா தொழில் பழகியது அந்த வருடங்களில்தான். 1977 க்குப் பிறகு ஜப்பான் வண்டிகள் வரத் தொடங்கின. அப்போது பழைய பெட்போர்டுகளின் காலம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1990 யூனில் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றறி இல்லை, மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. நூலகம் எரிந்த வருடத்தில் பிறந்தவள் நான்.

புது வண்டிகள் முற்றங்களில் நிற்க, பழைய வண்டிகள் திரும்ப வீதிக்கு வந்தன. அதற்குக் காரணம் இருக்கிறது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. அழுத்தம் கூடிய எஞ்சினில் அது நேரம் தப்பி வெடித்து இடிக்கும். 1950களின் பெற்றோல் எஞ்சின்களில் அழுத்தம் குறைவு, ஆகவே அவை மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் எஞ்சின் முதலில் சூடாக வேண்டும். அந்தச் சூட்டுக்கு ஒரு துளி பெற்றோல் வேண்டும்.

அந்த ஒரு துளியை எப்படிக் கொடுப்பது? மாமா ஆசுபத்திரியில் எறிந்த சேலைன் போத்தலை எடுத்தார். அதன் குழாயையும், துளியைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தையும் எடுத்தார். போத்தலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, குழாயைக் காபரேற்றருக்குள் விட்டார். அதற்குள் இருந்தது பெற்றோல். எஞ்சின் பிடித்துச் சூடேறியதும் சக்கரத்தை மூடிவிட்டு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார். மண்ணெண்ணெய் சூடாக வரவேண்டும் என்பதற்காக அதன் செப்புக் குழாயைப் புகைக்குழாயில் சுற்றிவைத்தார். எஞ்சின் குளிராமலிருக்க றேடியேற்றருக்கு முன்னால் மட்டையைக் கட்டினார். பத்து வருடம் கழித்து, தாதியர் பாடசாலையில் முதன்முறையாகச் சேலைன் துளியை எண்ணப் பழகியபோது எனக்கு மூக்கில் பெற்றோல் மணத்தது. யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு நோர்வேயில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். இங்கே கமக்காரர்கள் செல்லமாக 'கிரோதாஸ்' என்று அழைக்கிற சாம்பல் நிற ஃபேர்கஸன் ரக்ரரில் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறுவதற்கென்றே செய்யப்பட்டது. சூட்டைக் காப்பாற்ற அதற்கும் ஏற்பாடு உண்டு, றேடியேற்றரை மறைக்கிற வழக்கமும் உண்டு. இங்கிலாந்தில் பொறியியலாளர்கள் மேசையிலிருந்து வரைந்ததை, மாமா எந்த வரைபடமும் இல்லாமல் வேப்பமரத்தடியில் கண்டுபிடித்திருக்கிறார்.

பற்றறி இல்லாததால் வண்டியைக் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும், அல்லது தள்ள வேண்டும். எங்கள் ஊர் மட்டமான நிலம், சரிவில் உருட்ட வழியில்லை. கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை என்று மாமா எங்களுக்குச் சொல்லுவார். எஞ்சின் பின்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். எலும்பு முறிவுகளைப் பற்றிப் படித்தபோது, முன்கை எலும்பின் நுனியில் வருகிற ஒரு முறிவுக்கு 'காரோட்டி முறிவு' என்றே பெயர் இருந்தது. கைப்பிடி உதைத்து வந்ததால் அந்தப் பெயர். மாமாவுக்கு வைத்தியப் பாடம் தெரியாது, பெருவிரலை எங்கே வைப்பது என்று தெரியும்.

இதை நான் கெட்டித்தனத்தின் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பொய்யாகிவிடும். மண்ணெண்ணெய் எஞ்சினைத் தின்றது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகி, பேரிங்குகள் தேயும். "பிள்ளை, எஞ்சின் பட்டினி கிடந்தாலும் ஒயிலைப் பட்டினி போடக்கூடாது" என்று மாமா சொல்லுவார். ஆனால் ஒயிலும் கிடைக்காத நாட்கள் இருந்தன. டீசல் எஞ்சினுக்கு வேறு தொல்லை. மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு, எரிபொருளை அழுத்தித் தள்ளும் பம்பை அது தேய்த்துவிடும். மாமா அதற்குத் தேங்காய் எண்ணெய் கலந்தார். வீதியெல்லாம் பொரியல் மணமும் கண் எரிச்சலும். அந்தப் புகையை நாள் முழுக்கச் சுவாசித்த மனிதர்களின் நெஞ்சைப் பிறகு ஆசுபத்திரி வாட்டுகளில் கேட்டவள் நான். ஒரு சனத்தின் மேல் தண்டனையாக விழுந்த தட்டுப்பாட்டை அந்தச் சனத்தின் பெருமையாக மட்டும் மாற்றிவிட எனக்கு மனமில்லை. நோர்வேயில் காபனோரொட்சைட்டுக்குச் செத்தவர்களையும் இதோடு சேர்த்து நினைக்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் தேதி இரவு மழை. வலிகாமம் முழுதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. இலட்சக்கணக்கான சனம், நாவற்குழியில் ஓர் ஒடுங்கிய பாலம். மாமாவின் பெட்போர்ட் அந்தக் கூட்டத்துக்குள் நின்றது. மேலே கிழவர்களும் கர்ப்பிணிகளும் ஒரு செத்த உடலும். நான் அம்மம்மாவின் காலடியில் இருந்தேன். சனம் அசையாதபோது எஞ்சினை நிறுத்த முடியாது, நிறுத்தினால் திரும்பச் சூடாக்கப் பெற்றோல் இல்லை. ஆகவே மாமா விடிய விடிய எஞ்சினை அணையவிடாமல், கால்களை எடுக்காமல் இருந்தார். இரண்டு மிதி, நடுவில் ஒரு சின்ன மிதி. வண்டி இரண்டு முழம் நகரும். திரும்பவும் அதே மிதி. அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டுதான் நான் நித்திரையானேன்.

2002 இல் பாதை திறந்தது. புது லொறிகள் வந்தன. பெட்போர்ட் பழைய இரும்புக்குப் போனது. யாரும் படம் எடுக்கவில்லை. அதில் எங்களுக்குக் கவலையும் வரவில்லை. ஒரு கெட்ட காலத்தின் சாமான் போய்த் தொலைந்தது என்றுதான் இருந்தது. மாமா 2011 இல் காலமானார்.

இப்போது இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோர்வேயில் ஐந்து வருடம் மரக்கட்டையில் லொறி ஓடியது. அதன் பீப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டையின் அளவு, அதைக் காயவைத்த முறை, வந்த நோய் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் திரும்ப மூட்டி ஓட்டிக்காட்டவும் ஆட்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பல வருடம் மண்ணெண்ணெயில் வண்டி ஓடியது. எங்களிடம் என்ன இருக்கிறது? கதைகளில் இரண்டு வரி, நினைவுக் கட்டுரைகளில் ஒரு பந்தி, கூடிக் கதைக்கும்போது ஒரு சிரிப்பு. செய்முறை எங்கே? எந்த எஞ்சினுக்கு எவ்வளவு கலந்தார்கள், எதைக் கடைந்தார்கள், எது உடைந்தது, யாருக்கு என்ன நடந்தது?

அருங்காட்சியகம் கட்டக் காசில்லை என்று சொல்லலாம், அது உண்மை. ஆனால் இங்கேயும் முதலில் காசு வரவில்லை. முதலில் வந்தது ஒருவர் தன் தகப்பனிடம் போய்க் கேட்ட கேள்வி. எங்கள் தலைமுறை கேட்கவில்லை. நாங்கள் பிள்ளைகளுக்குப் போரைச் சொல்லும்போது குண்டையும் சாவையும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குண்டுகளுக்கு நடுவில் விடிய எழும்பி, ஒரு வண்டிக்கு ஒயில் ஊற்றி, ஒரு நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதனின் வேலையைச் சொல்வதில்லை. அவனை நாங்கள் வரலாற்றில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அவன் கையில் கிறீஸ் இருந்தது.

தாதி வேலையும் இதே மாதிரித்தான். ஒரு வைத்தியர் செய்த சத்திரசிகிச்சை பதிவேட்டில் இருக்கும். இருபது நாள் புண் கழுவியவள் அதில் இருக்கமாட்டாள். பராமரிப்பு என்பது நடந்துகொண்டே இருக்கிற வேலை, ஒரு நாளில் முடிந்து பெயர் எடுக்கிற வேலை இல்லை. அதனால்தான் அது முதலில் மறந்துபோகிறது என்று நினைக்கிறேன்.

போன மாதம் ஊருக்கு மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். டீசல் வண்டிக்கு மாமா மண்ணெண்ணெயோடு எவ்வளவு தேங்காய் எண்ணெய் கலந்தார் என்று கேட்டேன். மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கென்ன பிள்ளை தெரியும், அவர் விரலில தொட்டு உரசிப் பாத்துத்தான் கலப்பார்" என்றார். அந்த விரல் இப்போது இல்லை. பதினாறு வருடம் நான் அவரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டவள். ஒரு தடவை கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் இன்றைக்கு எழுபது, எண்பது வயதில் இருக்கிற அப்பாக்களும் சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் இருக்கிறார்கள். லொறி ஓட்டியவர்கள், கராஜ் வைத்திருந்தவர்கள், கடைசல் பட்டறையில் நின்றவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியை வைத்துவிட்டுக் கேளுங்கள். முதல் வண்டி எது, யாரிடம் பழகினீர்கள், பெற்றோல் இல்லாதபோது என்ன செய்தீர்கள், எந்தப் பாகத்தை எதிலிருந்து செய்தீர்கள், கையில் இருக்கிற தழும்பு எப்படி வந்தது. கையால் செய்துகாட்டச் சொல்லிப் படம் எடுங்கள், ஏனென்றால் பாதி அறிவு வாயில் வராது. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் எங்களுடைய நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்துவைப்பதோடு, வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. பதிந்ததை வீட்டுக்குள் வைத்திருக்காமல் அப்படியான இடத்தில் ஒப்படையுங்கள்.

அந்த முதியவரைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். லொறி முற்றத்தை விட்டுப் போனபிறகு நான் அவரை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலில் படுக்கவைத்து, போர்வையைக் காலடியில் செருகினேன். கால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவர் எங்கேயோ ஒரு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நான் போர்வையை இறுக்காமல் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். உங்கள் வீட்டில் ஒரு மெக்கானிக் இருந்தால், முதலில் அவரிடம் கேளுங்கள்.